எல்லாத் துறை ஆய்வாளர்களுக்கும் ஒரே ஆங்கில வகுப்பு: எதைக் கற்பிப்பது?

மொழி_ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆங்கிலத் துறையில் பணியாற்றுகிறேன். முனைவர் பட்டத்துக்குப் புதிதாகப் பதிவு செய்யும் ஆய்வாளர்களுக்குக் கோர்ஸ்வொர்க் (ஆய்வின் தொடக்கத்தில் நடக்கும் பாட வகுப்புகள்) காலத்தில் ஆய்வு ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பு, வரும் பருவத்திலிருந்து எங்கள் துறைக்கு வருகிறது. விலங்கியல், கணிதம், வணிகவியல், வரலாறு, தமிழ், சிவில் பொறியியல் என எல்லாத் துறையினரும் ஒரே அறையில் அமர்வார்கள். அவர்களுள் பலர் இளநிலைப் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்கள். தம் துறையை நன்கு அறிந்தவர்கள். ஆய்வகத்திலும் களத்திலும் தயங்காதவர்கள். ஆனால் முதல் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத அமரும்போது மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

பாடத்திட்டம் வகுக்க இரண்டு வழிகள் தென்படுகின்றன. எல்லாத் துறைக்கும் பொதுவான ஆங்கிலம் ஒன்று உண்டு, அதன் இலக்கணத்தையும் சொல்வளத்தையும் முதலில் ஊன்றிவிடலாம் என்பது ஒன்று. மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களிலிருந்து ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து, எல்லாவற்றிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அவர் தொகுத்தார். அந்தந்தத் துறையின் ஆங்கிலத்தைத் தனியே கற்பிக்க வேண்டும் என்ற எதிரான வழியை மொழியியலாளர் கென் ஹைலாண்ட் வற்புறுத்துகிறார். 2007இல் அவரும் பாலி சேயும் அதே பட்டியலைச் சோதித்து, ஒரே சொல் அறிவியலில் ஒரு விதமாகவும் சமூக அறிவியலில் வேறு விதமாகவும் இயங்குகிறது, ஆகவே பொதுச் சொல்வளம் என்ற கருத்தையே ஐயுற வேண்டியிருக்கிறது என்று காட்டினார்கள்.

இரண்டாம் வழிதான் சரி என்று என் மனம் சொல்கிறது. ஆனால் எனக்கு விலங்கியலும் தெரியாது, கட்டுமானமும் தெரியாது. துறைதோறும் தனி வகுப்பு நடத்த ஆசிரியர்களும் இல்லை. இங்குள்ள ஆய்வாளர்களும் நெறியாளர்களும் உங்கள் துறை எழுத்தில் உண்மையில் எது தடையாக இருக்கிறது என்று சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

கான்கிரீட்_ஆய்வகம்

அம்மா, சிவில் பொறியியலில் நெறியாளராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு முதல் வழிதான் சரியாகப் படுகிறது. எங்கள் கட்டுரைகளின் வடிவம் ஏறக்குறைய முடிவு செய்யப்பட்ட ஒன்று. முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற சட்டகத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். எரிசாம்பல் கலந்த கான்கிரீட்டின் 28 நாள் அமுக்க வலிமையைப் (வார்த்து 28 நாள் கழித்து எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை) பற்றி எழுதும் மாணவருக்கு வடிவத்தைப் பற்றிக் குழப்பம் இல்லை. தடுமாற்றமெல்லாம் வாக்கியத்துக்குள்தான்.

செய்ததை இறந்தகாலத்தில் எழுத வேண்டும், படத்தைச் சுட்டும்போது நிகழ்காலத்தில் எழுத வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'த' என்ற ஆங்கிலச் சிறுசொற்கள் வரும் இடங்கள் ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. தமிழில் வினையெச்சங்களை அடுக்கி ஒரே மூச்சில் எழுதிப் பழகியவர்கள், 'கலந்து, வார்த்து, நீரில் ஊறவைத்து, எடுத்து, சோதித்து' என்பதை ஆங்கிலத்திலும் 'அண்ட்' போட்டு ஆறு வரிக்கு நீட்டுகிறார்கள். நடுவில் எழுவாய் மாறிவிடுவதைக் கவனிப்பதில்லை. 'ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்புங்கள்' என்ற ஒற்றை வரியோடு கட்டுரை திரும்பி வருகிறது. இவை எல்லாத் துறைக்கும் பொதுவான சிக்கல்கள். மொழியாசிரியர்கள் இதைச் சரிசெய்து கொடுத்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மடவைமீன்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் விலங்கியலில் ஆய்வேட்டின் முடிவுக் கட்டத்தில் இருக்கும் எனக்கு வாக்கியப் பிழைகள் பெருந்தடையாக இருக்கவில்லை. என் முதல் கட்டுரையின் முன்னுரையில் இலக்கணப் பிழை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் 'இந்த ஆய்வு எதற்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கவில்லை' என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்.

அந்த முன்னுரையை இங்கே விவரிக்கிறேன், ஏனென்றால் எங்கள் துறையில் பலரும் இப்படித்தான் எழுதுகிறோம். முதல் வாக்கியம், உலக மக்களின் புரதத் தேவையில் மீனுக்கு உள்ள இடம். அடுத்தது இந்தியாவின் மீன்வளம். அதற்கடுத்தது தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரை. பிறகு கன உலோகங்களால் வரும் தீங்குகள். பிறகு இன்னார் இந்த ஆண்டில் இதை அளந்தார், இன்னார் அந்த ஆண்டில் அதை அளந்தார் என்று பத்துப் பன்னிரண்டு மேற்கோள்கள். இறுதியில் 'ஹென்ஸ் த பிரசென்ட் ஸ்டடி வாஸ் அண்டர்டேக்கன்' என்ற வரி. எங்கள் துறையின் பழைய ஆய்வேடுகளை, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் திறந்து பாருங்கள், இந்த வரி இல்லாத ஏடு அரிது. 'ஆகவே' என்று சொல்கிறோம். எதனால் ஆகவே என்று சொல்வதில்லை.

நான் உண்மையில் செய்தது என்னவென்றால், ஒரு கழிமுகத்து மடவை மீனில் உலோகங்கள் தசையில் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று முன்பு அளந்தவர்கள், செவுளையும் கல்லீரலையும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவில்லை. அதை நான் ஒப்பிட்டேன். இந்த ஒரு செய்தி முன்னுரையில் எங்குமே இல்லை. 'அளந்தார்கள், ஆனால் இதை அளக்கவில்லை' என்று எழுதுவது மூத்தவர்களைக் குறை கூறுவதாகிவிடுமோ என்ற தயக்கமும் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ் வகுத்த மூன்று நகர்வுகளை ஒரு பயிலரங்கில் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. களத்தைக் காட்டுவது, அதில் இருக்கும் இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியைத் தன் ஆய்வால் நிரப்புவது. நான் முதல் நகர்விலேயே முழுப் பக்கத்தையும் செலவிட்டிருந்தேன்.

எண்கோலம்

கணிதத்திலிருந்து இரண்டு செய்திகள்.

முதலாவது, எங்களுக்குச் செய்முறைப் பகுதியும் கிடையாது, முடிவுகள் பகுதியும் கிடையாது. முன்னுரையிலேயே முதன்மைத் தேற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். மீதிக் கட்டுரை அதன் நிறுவல். ஒருவரே எழுதினாலும் 'வி' என்றுதான் எழுதுகிறோம், ஏனென்றால் அந்த 'நாம்' என்பதில் உடன்வரும் வாசகரும் சேர்த்தி. ஆய்வு முறையியல் வகுப்பொன்றில் 'தன்மைப் பெயர் எங்கும் வரக்கூடாது, செயப்பாட்டு வினையில் எழுதுங்கள்' என்று அனைவருக்கும் பொதுவாகச் சொன்னார்கள். அதைப் பின்பற்றி எழுதிய ஒரு நிறுவலை வாசிக்கவே முடியவில்லை.

இரண்டாவது, 'எ', 'த' பற்றியது. கான்கிரீட்_ஆய்வகம் ஐயா இதைப் பொது இலக்கணம் என்கிறார். கணிதத்தில் அது கணிதமே. ஒரு சமன்பாட்டுக்கு 'எ சொல்யூஷன்' என்று எழுதினால் தீர்வு உண்டு என்பது மட்டுமே பொருள். 'த சொல்யூஷன்' என்று எழுதினால் தீர்வு ஒன்றே ஒன்று என்று உறுதி கூறுகிறேன். தனித்தன்மையை நிறுவாமல் 'த' போட்டால் அது மொழிப்பிழையாக நின்றுவிடாது, நிறுவலில் ஓட்டை விழுந்ததாகிவிடும். பள்ளியில் படித்த விதி எதுவும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. என் துறைக் கட்டுரைகள்தான் சொல்லித்தந்தன.

வணிகம்_நெறியாளர்

எங்கள் துறையின் நிலையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வணிகவியல், மேலாண்மை, கல்வியியல் ஆய்வேடுகளில் ஒரு வாய்பாடு வேரூன்றிவிட்டது. ஓர் அட்டவணை வரும். அதன் கீழே 'மேற்கண்ட அட்டவணையிலிருந்து, பதிலளித்தவர்களுள் இத்தனை விழுக்காட்டினர் இந்த வயதினர், இத்தனை விழுக்காட்டினர் அந்த வயதினர் என்று அறியப்படுகிறது' என்று ஒரு பத்தி வரும். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் சொற்களில் மறுபடி எழுதப்பட்டிருக்கும். நூறு அட்டவணைகள் இருந்தால் இதே பத்தி நூறு முறை. ஆங்கிலம் பிழையின்றியே இருக்கும். சிந்தனைதான் இருக்காது.

இலக்கிய மீளாய்வும் அப்படித்தான். ஒவ்வொரு பத்தியும் ஒரு பெயரிலும் ஆண்டிலும் தொடங்கி, அவர் என்ன படித்தார், எத்தனை பேரிடம் வினாநிரல் கொடுத்தார் என்று சொல்லி முடிந்துவிடும். அடுத்த பத்திக்கும் இதற்கும் தொடர்பு இராது. பத்திகளை இடம் மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடாது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு முன் வந்த ஏடுகள் எல்லாம் இப்படி இருக்கின்றன. எங்களைப் போன்ற நெறியாளர்களும் அதையே ஏற்றுக் கையெழுத்திடுகிறோம்.

மொழி வகுப்பில் இதை மாற்ற முடியுமானால், ஒரு பயிற்சியைச் சேர்க்க வேண்டுகிறேன். ஓர் அட்டவணையைக் கொடுத்து, 'இதில் வாசகர் தாமாகக் காண முடியாத எதை நீங்கள் சொல்லப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். ஓங்கியிருக்கும் போக்கு என்ன, எதிர்பாராத வரிசை எது, கருதுகோளோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று மூன்றே வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லைப் புள்ளியியல் சோதனை நடந்த இடத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். முக்கியமான எல்லாவற்றுக்கும் அதை எழுதிவிடுகிறார்கள்.

சுவடிப்பெட்டி

வரலாற்றுத் துறையில் இருக்கிறேன். மூலங்கள் அனைத்தும் தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில். அறிவியல் துறையினருக்கு இல்லாத இரண்டு சிக்கல்கள் எங்களுக்கு உண்டு.

ஒன்று, எங்கள் கட்டுரையில் மொழியும் வாதமும் பிரியாதவை. ஒரு கல்வெட்டில் நிலக்கொடை பற்றிய வரியைத் தந்தபின், அது கோயிலின் அதிகாரத்தைக் காட்டுகிறதா, ஊர்ச்சபையின் அதிகாரத்தைக் காட்டுகிறதா என்று வாதிட வேண்டும். முன்னோர் ஒருவர் 'கூறினார்', 'வாதிட்டார்', 'கருதினார்', 'நிறுவினார்' என்பவற்றுள் எந்த வினையைத் தேர்கிறேனோ, அதிலேயே அவரோடு எனக்குள்ள உடன்பாடும் மாறுபாடும் தெரிந்துவிடும். எண்ணிட்ட அடைப்புக்குறிக்குள் மேற்கோளை முடித்துவிடும் துறையினர் இதை அவ்வளவு உணர மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மற்றொன்று பெயர்களும் எழுத்துப்பெயர்ப்பும் (தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவது). தமிழ்ச் சொற்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையில் எழுதுவதா, ஐஎஸ்ஓ 15919 முறையில் எழுதுவதா, எந்தக் குறியும் இல்லாமல் எழுதுவதா என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை; ஒரே ஏட்டில் ஒரே ஊரின் பெயர் மூன்று விதமாக வருகிறது. அதைவிடக் கொடியது குடும்பப் பெயர்ச் சிக்கல். நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்தும் தம் பெயரும்தான். மேற்கத்திய மேற்கோள் முறை கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராகக் கொள்கிறது. படிவத்தை நிரப்புவதற்காகத் தந்தை பெயரை விரித்துக் கடைசியில் போட்ட ஆய்வாளர், வாழ்நாள் முழுவதும் தந்தை பெயராலேயே மேற்கோள் காட்டப்படுகிறார். பெண் ஆய்வாளர்கள் சிலர் திருமணத்துக்கு முன் ஒரு பெயரிலும் பின் வேறு பெயரிலும் கட்டுரை வெளியிட்டு, இரண்டு வேறு ஆட்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை எந்த வடிவில் எழுதுவது என்று முடிவு செய்து, ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண்) பெற்றுக்கொள்ளச் சொல்வது இலக்கணப் பாடத்தைவிட அவசரமானது.

மொழி_ஆசிரியை

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. சுவடிப்பெட்டி சொன்ன வினைச்சொல் செய்திக்கு ஆய்வுச் சான்று உண்டு. ஹைலாண்ட் 1999இல் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 80 கட்டுரைகளை எடுத்து, பிறர் கருத்தைச் சுட்டும் வினைகளை ஆராய்ந்தார். மெய்யியலில் 'சே', 'சஜெஸ்ட்', 'ஆர்க்யூ' ஆகியவை மிகுந்திருந்தன. உயிரியலில் 'டிஸ்கிரைப்', 'ஃபைண்ட்', 'ரிப்போர்ட்'. மின்னணுப் பொறியியலில் 'ப்ரொபோஸ்', 'யூஸ்', 'ரிப்போர்ட்'. மனிதர்கள் வாதிடும் துறைகளும், மனிதர்கள் செய்து காட்டும் துறைகளும் என்று இவற்றைப் பிரிக்கலாம் போலிருக்கிறது.

எண்கோலத்தின் குறிப்பு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எல்லார்க்கும் பொதுவென்று நாங்கள் நம்பும் இலக்கணம்கூட ஒவ்வொரு துறைக்குள்ளும் வேறு வேலை செய்கிறது என்றால், பொதுப் பாடம் என்று எதைத்தான் நான் எடுத்துக்கொள்ள முடியும்?

வடமராட்சியான்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆங்கிலம் போதித்து ஓய்வு பெற்றவன். உங்களுடைய கேள்வி பழையது. அதற்குக் கிடைத்த நல்ல விடைகளுள் ஒன்றும் பழையதே. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸும் டோனி டட்லி-எவன்ஸும் வெளிநாட்டு முதுநிலை மாணவர்களுக்காகச் செய்து, 1980இல் எழுதிய முயற்சி அது. போக்குவரத்து, தாவர உயிரியல் ஆகிய இரு துறைகளை எடுத்துக்கொண்டு, பாட விரிவுரையாளரையும் மொழியாசிரியரையும் ஒரே வகுப்பில் மாணவர்களோடு அமர்த்தினார்கள். பொருள் பற்றிய கேள்விக்கு விரிவுரையாளர் விடை சொல்வார். மொழி பற்றிய கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்வார். எது பொருள், எது மொழி என்று பிரிக்க முடியாத கேள்விகளே அங்கு அதிகம் எழுந்தன, மூவரும் சேர்ந்துதான் அவற்றைத் தீர்த்தார்கள். மொழியாசிரியை தாவர உயிரியல் கற்க வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

ஸ்வேல்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரது நகர்வுகள் விதிகளாகப் பிறந்தவை அல்ல. 1981இல் அவர் ஆராய்ந்தவை 48 கட்டுரைகளின் முன்னுரைகள். இயற்பியல், உயிரியலும் மருத்துவமும், சமூக அறிவியல் ஆகிய மூன்று புலங்களிலிருந்தும் பதினாறு பதினாறாக எடுத்தார். முதலில் நான்கு நகர்வுகளாகக் கண்டவர், 1990இல் மூன்றாகத் திருத்திக்கொண்டார். ஆகவே அந்த மூன்றையும் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்விப்பதைவிட, அவர் செய்த அதே வேலையை மாணவர்களைச் செய்ய வைப்பது மேல். ஒவ்வொருவரும் தம் துறைக் கட்டுரைகள் ஐந்தைக் கொண்டுவரட்டும். இடைவெளி எங்கே சுட்டப்படுகிறது, எந்தச் சொல்லால் சுட்டப்படுகிறது என்று வண்ணமிட்டுக் காட்டட்டும். கணித மாணவர் 'எங்களுக்கு இப்படி இல்லை' என்று எழுந்து சொல்வார். அப்போது விலங்கியல் மாணவர் தம்முடைய வடிவம் இயற்கை தந்தது அல்ல, ஒரு துறை ஏற்படுத்திக்கொண்டது என்பதை முதன்முறையாகக் காண்பார். கலப்பு வகுப்பின் பலம் இதுதான். தனித் துறை வகுப்பில் இதைக் காட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை. 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அங்கிருந்த ஆய்வாளர்கள் பன்னாட்டு இதழ்களில் எழுத முடியாமற் போனதற்கான காரணங்களைப் பின்னர் விரிவாக எழுதினார். போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய நாட்களில், இதழ்கள் கேட்ட தரமான தாளும் கூடுதல் படிகளும் அஞ்சலும் மின்சாரமும்கூடத் தடைகளாயின. அறிவு இருந்தது, மொழியும் ஓரளவு இருந்தது, ஆனாலும் வாயில் திறக்கவில்லை. 'உன் ஆங்கிலம் போதாது' என்று ஒரு மாணவரிடம் சொல்லுமுன், மொழிக்கு அப்பால் எது தடுக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. சுவடிப்பெட்டி எழுதிய பெயர்ச் சிக்கலை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

நூலகத்_தளம்

பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்புமை அறிக்கைகளை (ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டுபவை) கையாளும் பணியில் இருப்பதால், விடுபட்ட ஒரு செய்தியைச் சேர்க்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதங்களுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு காலம் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்க இயலாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். இந்த அச்சத்தில் ஆய்வாளர்கள் செய்வது, பிறர் வாக்கியத்தை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றுவது. சிலர் அதற்கென்றே உள்ள மென்பொருளில் இடுகிறார்கள். 2021இல் கியோம் கபனாக்கும் உடன் ஆய்வாளர்களும் இப்படி உருக்குலைந்த தொடர்களை நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல் 'கவுண்டர்ஃபீட் கான்ஷஸ்னஸ்' (போலி உணர்வு) என்றும், மார்பகப் புற்றுநோய் 'பூசம் பெரில்' (மார்பு ஆபத்து) என்றும் மாறியிருந்தன. ஒப்புமை விழுக்காடு குறைந்திருக்கலாம். ஆனால் அந்த ஆய்வாளரின் பெயர் என்றென்றைக்கும் கெட்டுவிட்டது.

யுஜிசி 2019இல் கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைப் பாடம் இரண்டு கிரெடிட், 30 மணி நேரம் கொண்டது. எழுத்துத் திருட்டு தவறு என்று அங்கே சொல்லித்தரப்படுகிறது. ஆனால் ஒருவர் கருத்தைத் தன் சொற்களில் எப்படி எழுதுவது என்பது ஒரு மொழித்திறன். அதைக் கற்பிக்கும் இடம் மொழி_ஆசிரியை அம்மாவின் வகுப்புதான். மூலக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் வேறு துறை நண்பருக்குத் தமிழில் விளக்கி, அதன்பின் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். திறந்த ஏட்டைப் பார்த்துச் சொல் மாற்றும் பழக்கம் இதில் நுழைய முடியாது.

கருவிகளையும் குறிப்பிட்டுவிடுகிறேன். வசேதா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் அந்தோனி உருவாக்கிய ஆன்ட்காங்க் இலவச மென்பொருள். சாதாரணக் கணினியில் இயங்கும். தம் துறைக் கட்டுரைகள் ஐம்பதை உரைக்கோப்பாக மாற்றி அதில் இட்டால், 'சஜெஸ்ட்' என்ற சொல் எங்கெங்கே, எந்தச் சொற்களோடு வருகிறது என்று வரிவரியாகக் காணலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிக்கஸ்ப் தொகுப்பில் 16 துறைகளைச் சேர்ந்த மாணவர்களின் உயர்தரக் கட்டுரைகள் 829 இணையத்தில் திறந்து கிடைக்கின்றன. கல்வி எழுத்துக்குரிய ஆங்கிலத் தொடர்களைத் தொகுத்துத் தரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃப்ரேஸ்பேங்க் தளமும் உதவும். ஆனால் அதிலிருக்கும் தொடர்கள் துறை சாராதவை என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மடவைமீன்

நூலகத்_தளம் சொன்னதையொட்டி ஒரு கேள்வி. இப்போது என் இளையவர்கள் தமிழில் எழுதி, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு ஆங்கிலமாக்கிக்கொள்கிறார்கள். பிழையற்ற ஆங்கிலம் வருகிறது. இனி இந்த வகுப்பே எதற்கு என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

வடமராட்சியான்

உங்கள் முன்னுரையையே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. உலகப் புரதத்தில் தொடங்கி 'ஆகவே' என்று முடிந்த அந்தப் பக்கத்தைச் செயலியில் இட்டிருந்தால், இன்னும் நயமான ஆங்கிலத்தில் அதே இடைவெளியற்ற முன்னுரை கிடைத்திருக்கும். செவுளையும் கல்லீரலையும் ஒருவரும் ஒப்பிடவில்லை என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாதவருக்குச் செயலி உதவாது. மேலும் அது எழுதித் தந்த வாக்கியம் உங்கள் தரவைவிட உறுதியாகப் பேசுகிறதா, தயங்கிப் பேசுகிறதா என்று எடைபோடும் ஆங்கிலம் உங்களிடம் இருக்க வேண்டும். நேச்சர் உள்ளிட்ட இதழ்கள் இத்தகைய செயலியை ஆசிரியராக ஏற்பதில்லை என்று 2023இலேயே அறிவித்துவிட்டன. எழுதியவற்றுக்கு நீங்களே பொறுப்பு.

அத்துடன் வாய்மொழித் தேர்வும் மாநாட்டுக் கேள்வி நேரமும் இருக்கின்றனவே.

மொழி_ஆசிரியை

இந்த விவாதத்தை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். பொதுப் பாடம் என்று சொற்பட்டியலை வைக்கப் போவதில்லை. தன் துறை எழுத்தை ஆராயும் முறை ஒன்றே எல்லார்க்கும் பொதுவான பாடமாக இருக்கும். ஒவ்வொரு ஆய்வாளரும் நெறியாளர் பரிந்துரைக்கும் கட்டுரைகளோடு வருவார். முன்னுரை, மேற்கோள் வினை, தன்மைப் பெயர், உறுதியும் தயக்கமும் காட்டும் சொற்கள் ஆகியவற்றைக் கணக்கெடுப்பார். வேறு துறையைச் சேர்ந்த ஒருவருக்கு விளக்குவார். பிறகு தன் பக்கத்தை எழுதுவார். கான்கிரீட்_ஆய்வகம் ஐயா சொன்ன வாக்கியச் சிக்கல்களை அவரவர் பக்கத்தில் வரும்போது தனியே அமர்ந்து திருத்துவேன். அவை உண்மையானவை, ஒதுக்க முடியாதவை. அட்டவணைப் பயிற்சியும் பெயர் முடிவு செய்வதும் முதல் மாதத்திலேயே வந்துவிடும்.

மதிப்பெண்தான் தயக்கமாக இருக்கிறது. முடிவில் மூன்று மணி நேரத் தேர்வு வைத்தால் இவை எல்லாம் வீண். தேர்வுக்குப் பதில் திருத்தி எழுதிய முன்னுரையையே மதிப்பிட அனுமதி கேட்கப் போகிறேன். ஆனால் அதன் பொருட்செறிவை நான் எப்படி மதிப்பிடுவேன்?

வணிகம்_நெறியாளர்

பாதி மதிப்பெண்ணை நெறியாளரிடம் கொடுங்கள். ஆய்வாளரின் இடைவெளி உண்மையான இடைவெளியா என்று அவர்தான் சொல்ல முடியும். யுஜிசியின் 2022 விதிமுறை, எந்தத் துறையினராயினும் தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அதைச் சுட்டி விண்ணப்பித்தால் கல்விக் குழுவில் மறுக்க மாட்டார்கள். என் மாணவர்களுக்கு நான் வந்து அமர்கிறேன்.

கான்கிரீட்_ஆய்வகம்

இலக்கணம் வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அது அவரவர் பக்கத்தில் கற்பிக்கப்படும் என்றால் எனக்கு முழு உடன்பாடு. நானும் வருகிறேன்.

பாடத்திட்டத்தில் ஒன்றைச் சேர்க்க முடியுமா அம்மா? மதிப்பீட்டாளர்களுக்கு எழுதும் மறுமொழிக் கடிதம். கட்டுரை நூலகத்தில் கிடைக்கும், ஆய்வேடு ஷோத்கங்காவில் கிடைக்கும். இந்தக் கடிதம் மட்டும் எங்கும் கிடைக்காது, ஆகையால் மாணவர்கள் ஒரு மாதிரிகூடப் பார்த்ததில்லை. ஒன்று, எல்லாவற்றுக்கும் பணிந்து, தேவையில்லாத சோதனைகளையும் செய்வதாக ஒப்புக்கொள்கிறார்கள். அல்லது கோபத்தில் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். மரியாதை குறையாமல் மறுக்க முடியும் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. வெளியான எங்கள் கட்டுரைகள் சிலவற்றின் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் நாங்கள் எழுதிய பதில்களையும், உடன் எழுதியவர்களின் ஒப்புதல் பெற்று, பெயர்களை நீக்கி, உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு குறிப்பில், 90 நாள் வலிமையையும் சோதித்துச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வார்ப்புகள் அப்போது எங்களிடம் இல்லை. கேள்வி நியாயமானது என்று ஏற்று, எங்கள் முடிவு 28 நாள் வலிமைக்கு மட்டுமே உரியது என்ற வரம்பைக் கட்டுரையில் ஒரு வாக்கியமாகச் சேர்த்து, அந்த வாக்கியம் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டோம். மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொண்டார். அந்தக் கடிதத்தை முதலில் அனுப்புகிறேன்.